ஜே. சி. குமரப்பா

ஜோசப் செல்லத்துரை குமரப்பா (சனவரி 4, 1892 - சனவரி 30, 1960) தமிழ்நாட்டைச் சேர்ந்த பொருளியலாளரும் கணக்காய்வாளரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். காந்தியப் பொருளியல் என்று அறியப்படும் சிந்தனைக்கு முறையான வடிவம் கொடுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை அதன் தொடக்கமான 1934 முதல் வார்தாவிலிருந்து நடத்தினார்.

பாடநூல்கள் இவரைப் பெரும்பாலும் கிராமத் தொழில்களின் ஆதரவாளர் என்ற அளவில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து செல்கின்றன. ஆனால் ஒரு வீட்டின் விளக்கிலும் அடுப்பிலும் எரிவது எங்கிருந்து வருகிறது, எரிந்த பின் அது மீண்டும் விளையுமா என்னும் கேள்வியைப் பொருளியலின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் இவர். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற சொல் வழக்கிற்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அக்கருத்தை வரையறுத்தார். அதற்கு அவர் பயன்படுத்திய கருவி அறிவியல் அன்று. தாம் தொழிலாகக் கற்ற கணக்கியலே.

இளமையும் கல்வியும்

குமரப்பா தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை சாலமன் துரைசாமி கொர்னேலியஸ் அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் இராசநாயகம். சென்னை டவ்டன் பள்ளியில் படித்தபின் 1913-ல் இலண்டன் சென்று கணக்கியல் பயின்றார். அங்கேயே தகுதி பெற்ற கணக்காய்வாளராகி, முதல் உலகப் போர் முடிந்த பின் 1919-ல் நாடு திரும்பினார். பம்பாயில் ஆங்கிலேயக் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, 1924-ல் கூட்டாளி ஒருவருடன் கொர்னேலியஸ் அண்டு தாவர் என்னும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

1927-ல் ஐக்கிய அமெரிக்கா சென்றார். சிரக்கியூசு பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகத்தில் இளநிலைப் பட்டமும், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். கொலம்பியாவில் பொது நிதித் துறையில் பெயர்பெற்ற செலிக்மன் இவருடைய ஆசிரியர். பிரித்தானிய அரசின் வரிகளும் செலவுகளும் இந்தியாவின் வறுமைக்கு எவ்வாறு காரணமாயின என்பதை அங்கு ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். பேரரசின் கணக்குப் புத்தகத்தை ஒரு கணக்காய்வாளர் கண்கொண்டு புரட்டிய இந்த ஆய்வே இவரைத் தேசியவாதியாக மாற்றியது. அதுவரை மேற்கத்திய உடையும் பழக்கமும் கொண்ட பம்பாய்க் கனவானாகவே வாழ்ந்தவர் இவர்.

காந்தியுடன் சந்திப்பு

1929-ல் நாடு திரும்பியதும் தம் ஆய்வை அச்சிடும் நோக்கில் காந்தியைக் காண விரும்பினார். மே 9, 1929 அன்று சபர்மதி ஆசிரமத்தில் இருவரும் சந்தித்தனர். முழு மேற்கத்திய உடையில் கைத்தடியுடன் சென்ற குமரப்பா, குறித்த நேரத்திற்கு முன்னரே வந்து, மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்றும், அம்முதியவரே காந்தி எனப் பின்னர் அறிந்து உடை கசங்குவதைப் பொருட்படுத்தாது தரையில் அமர்ந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆய்வு யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. காந்தி இவரிடம் வேறொரு வேலையையும் கொடுத்தார். குசராத்தின் கேடா மாவட்டத்தில் மாத்தர் வட்டத்து ஊர்களின் பொருளாதார நிலையை நேரில் சென்று அளந்து வரவேண்டும் என்பதே அது.

குசராத் வித்யாபீட மாணவர்களுடன் ஊர் ஊராகச் சென்று குமரப்பா நடத்திய இவ்வாய்வு 1931-ல் நூலாக வந்தது. நாட்டின் வறுமையை நிதியறிக்கைகளில் படித்தவர், ஒரு குடும்பத்தின் நிலம், கால்நடை, வரவு, செலவு, கடன் என்ற அளவில் அதனைக் காணத் தொடங்கியது இங்கேதான். பின்னாளில் இவர் எழுதிய எல்லாவற்றிலும் கணக்கின் அடிப்படை அலகாக ஒரு வீடு இருப்பதற்கு மாத்தர் அனுபவமே காரணம் எனலாம்.

இக்காலத்தில் தம் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை மீண்டும் சூட்டிக்கொண்டார். தம்பி பாரதன் குமரப்பாவும் அவ்வாறே செய்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, அதில் எழுதியமைக்காகச் சிறை சென்றார். அதன் பின்னும் சிறைவாசம் தொடர்ந்தது.

1934 சனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இராசேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவின் நிதிக் கணக்குகள் குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டன. தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று வரையறுத்தார். காந்தி தம் குழுவினருடன் அங்கு வந்தபோது, அவர்களுடைய தனிச் செலவுகளை நிவாரண நிதியில் எழுத மறுத்துவிட்டார். காந்தி அதை மகிழ்ச்சியோடு ஏற்றார். இந்நிகழ்ச்சி இவருடைய நேர்மைக்குச் சான்றாகவே பலராலும் சொல்லப்படுகிறது. ஒரு நோக்கத்திற்காக வைக்கப்பட்ட முதலை வேறொன்றுக்கு எடுத்துச் செலவிடக்கூடாது என்ற கணக்கியல் விதி, இவருடைய எரிபொருள் கொள்கைக்கும் அடித்தளமானது என்பதையும் சேர்த்துக் காணவேண்டும்.

மகன்வாடி

1934 இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் நிறுவப்பட்டது. அதன் செயலாளர் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. சம்னாலால் பசாசு வார்தாவில் கொடுத்த தோட்டமும் வீடும் சங்கத்தின் தலைமையிடம் ஆயின. காந்தியின் உறவினரும் இராட்டை ஆய்வில் ஈடுபட்டு 1928-ல் மறைந்தவருமான மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. (இங்கு வரும் மகன், தமிழ்ச் சொல்லான மகன் அன்று, மகன்லால் என்பதன் சுருக்கம்.)

மகன்வாடியை ஆசிரமம் என்பதைவிட ஓர் ஆய்வுக்கூடம் என்பதே பொருந்தும். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்யும் காகிதம், கழிவிலிருந்து எரு ஆகிய அனைத்தும் அங்கு சோதிக்கப்பட்டன. சவேர்பாய் படேல் திருத்தியமைத்த வார்தா செக்கு, மாடுகளின் உழைப்பைக் குறைத்து எண்ணெயைக் கூட்டித் தந்தது. கிராமத் தொழில் என்றால் பாட்டன் காலத்துக் கருவியை அப்படியே வைத்துக்கொள்வது என்ற எண்ணம் குமரப்பாவிடம் இல்லை. கருவி மேம்படவேண்டும், ஆனால் அதை ஓட்டும் ஆற்றலும் அதைப் பழுதுபார்க்கும் திறனும் ஊருக்குள் இருக்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

மகன்வாடியில் உருவானவற்றுள் இரண்டு பொருட்கள் நேரடியாக வீட்டு ஆற்றலைச் சேர்ந்தவை.

மகன் விளக்கு

மகன் தீபம் என்று அழைக்கப்பட்ட இவ்விளக்கு மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரிந்தது. அக்காலத்தில் பர்மா செல் போன்ற நிறுவனங்களின் மண்ணெண்ணெய் தகர டின்களில் கடைக்கோடிச் சிற்றூர் வரை சென்றுவிட்டது. காற்றில் அணையாத கண்ணாடிக்கூண்டு லாந்தரும், பழைய அகலைவிடக் கூடுதலான வெளிச்சமும் மக்களுக்குப் பிடித்திருந்தன. மண்ணெண்ணெயை விட்டுவிட்டு மீண்டும் அகல் ஏற்றுங்கள் என்று சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள் என்பது மகன்வாடிக்குத் தெரிந்திருந்தது. எனவே தாவர எண்ணெயில் எரியும் ஒரு லாந்தர் தேவைப்பட்டது.

இதில் உள்ள பொறியியல் சிக்கலை இங்கு விளக்குவது பயனுடையது. மண்ணெண்ணெய் நீர்த்தது, திரியின் நுண்துளைகள் வழியே எளிதாக மேலேறும். ஆகவே லாந்தரில் எண்ணெய்க் கலம் சுடருக்கு வெகு கீழே இருக்கலாம். தாவர எண்ணெய்கள் பிசுக்குத் தன்மை மிக்கவை. திரி வழியே அவ்வளவு உயரம் ஏறா. மேலும் அவற்றின் எரிவு முழுமையாக நடைபெறாவிடில் திரியில் கரி படிந்து சுடர் மங்கும். நம் அகல்விளக்கிலும் குத்துவிளக்கிலும் திரியின் முனை எண்ணெய் மட்டத்தை ஒட்டியே இருப்பதற்கு இதுவே காரணம். லாந்தரின் வசதிகளைத் தாவர எண்ணெய்க்குக் கொண்டுவருவது என்பது வெறுமனே எண்ணெயை மாற்றி ஊற்றுவது அன்று.

வேம்பு, புங்கம் போன்ற உண்ணத்தகாத வித்துகளின் எண்ணெயை விளக்குக்குப் பயன்படுத்தவேண்டும் என்பது அவர் விருப்பம். தமிழர்களுக்கு இது புதிதன்று. ஆமணக்கு எண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்ற பெயரே இன்றும் நிலைத்துள்ளது. கோயில் விளக்குகளில் இலுப்பை எண்ணெய் எரிந்த வழக்கமும் நெடியது.

மகன் அடுப்பு

புகையில்லா அடுப்பாகிய மகன் சுல்லா பற்றிய கையேட்டைச் சங்கம் 1947-ல் வெளியிட்டது. இந்தியாவில் விறகடுப்பை அறிவியல் முறையில் திருத்த மேற்கொள்ளப்பட்ட முதல் முயற்சிகளுள் இது ஒன்றாகக் கருதப்படுகிறது. ஐதராபாத்தில் எஸ். பி. ராசு உருவாக்கிய புகையில்லா அடுப்பு இதற்குப் பின் 1953-ல் நூல் வழியே பரவலாக அறியப்பட்டது.

திறந்த விறகடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பானைக்குச் செல்கிறது. மீதி சுற்றிலும் சிதறுகிறது. புகை முழுவதும் சமைப்பவரின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. மகன் அடுப்பு மண்ணால் கட்டப்படுவது. ஒரே நெருப்பின் சூடான வளி ஒன்றுக்கு மேற்பட்ட பானைகளின் அடியில் சென்று, பின்னர் புகைபோக்கி வழியே கூரைக்கு வெளியே போகும். வாங்கவேண்டிய உறுப்பு அநேகமாக எதுவுமில்லை. ஊர்க் குயவரோ வீட்டுப் பெண்களோ கட்டிவிடலாம்.

மாட்டுச் சாணத்தை வறட்டியாக்கி எரிப்பதைச் சங்கத்தார் இழப்பாகவே கருதினர். நிலத்திற்குத் திரும்பவேண்டிய எரு அடுப்பில் சாம்பலாவதால், வீட்டு எரிபொருள் கணக்கு வயலின் கணக்கோடு பிணைந்தது என்று குமரப்பா கண்டார்.

முதலும் வருமானமும்

1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஒட்டிக் கைதான குமரப்பா 1945 வரை சிறையில் இருந்தார். சபல்பூர் சிறையில் இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று இவருடைய முதன்மை நூலான எகானமி ஆஃப் பெர்மனன்ஸ், அதாவது நிலைத்த பொருளாதாரம். 1945-ல் வெளிவந்த இந்நூலுக்கு முன்னுரை எழுதிய காந்தி, இவரைக் கிராமக் கைத்தொழில்களின் டாக்டர் என்று அன்போடு அழைத்தார்.

நூலின் தொடக்கத்திலேயே குமரப்பா இயற்கை வளங்களை இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாதுக்கள் ஆகியவை ஓர் அளவோடு நிற்பவை. எடுக்க எடுக்கக் குறைபவை. இவற்றை நம்பியதைத் தேக்கப் பொருளாதாரம் என்றார். மறுபுறம் விளைச்சல், ஆண்டுதோறும் வளரும் அளவுக்குள் வெட்டப்படும் காட்டு மரம், ஓடும் நீர், கால்நடை உழைப்பு போன்றவை சூரிய ஒளியாலும் மழையாலும் தொடர்ந்து நிரம்புபவை. இவற்றை நம்பியது ஓட்டப் பொருளாதாரம். கணக்கியலில் முதலை எடுத்து உண்பவனும் வருமானத்தில் வாழ்பவனும் வேறுவேறு. வெளிப்பார்வைக்கு இருவர் வீட்டிலும் அடுப்பு எரியும். முன்னவன் திவாலாகிக்கொண்டிருப்பது கணக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். குமரப்பாவின் வாதம் புவி சூடாதலை அடிப்படையாகக் கொண்டதன்று. அவர் சொன்ன காரணங்கள் வேறு. முதலாவது, தேக்கம் ஒருநாள் தீரும். இரண்டாவது, தீரக்கூடியதும் சில இடங்களில் மட்டும் இருப்பதுமான பொருளுக்காக நாடுகள் போரிடும். ஒரு குடிசையில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றுபவர் தம்மையறியாமல் அந்த வன்முறையில் பங்கேற்கிறார். மூன்றாவது, எரிபொருளுக்குக் கொடுக்கும் காசு ஊரைவிட்டு வெளியேறித் திரும்புவதில்லை. கரியமில வாயு பற்றிய அறிவு பரவிய பின், நான்காவதாக ஒரு காரணம் சேர்ந்துகொண்டது. அதுவும் அவர் பிரித்த அதே கோட்டின் மேல் வந்து பொருந்தியதே வியப்பு. தேக்கத்திலிருந்து எடுத்து எரிப்பது காற்றில் கரியைக் கூட்டுகிறது. ஓராண்டு வளர்ச்சியை எரித்து மறுபடி வளர்ப்பது அவ்வாறு கூட்டுவதில்லை.

தமிழகக் கோயில் கல்வெட்டுகளை அறிந்தவர்களுக்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது. சோழர் காலத்தில் ஒரு நொந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடையளிக்கப்பட்டன. இடையர் அவற்றைப் பேணி நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் மந்தையில் சேர்ந்துகொண்டே இருப்பதால் அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரங்களில் விளக்குக்கான ஆற்றல் இவ்வாறே திட்டமிடப்பட்டது. மந்தை முதல், நெய் வருமானம், முதலில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை. குமரப்பா இதைச் சொல்லவில்லை. அவர் கணக்கை விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது என்பதால் இங்கு சேர்க்கப்படுகிறது.

நூலின் மற்றொரு பகுதி பொருளாதாரங்களை ஐந்தாக வகைப்படுத்துகிறது. கொன்று உண்ணும் புலியின் ஒட்டுண்ணிப் பொருளாதாரம், தான் நடாத தோப்பில் பழம் பறிக்கும் குரங்கின் பறிப்புப் பொருளாதாரம், தன் கூட்டைத் தானே கட்டும் பறவையின் முயற்சிப் பொருளாதாரம், கூட்டத்திற்காக உழைக்கும் தேனீயின் கூட்டுப் பொருளாதாரம், கைம்மாறு கருதாது குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையின் தொண்டுப் பொருளாதாரம் என்பன அவை.

நெசவாளர் வீட்டில் இக்கணக்கு

குமரப்பாவின் முறையை ஒரு வீட்டில் பொருத்திப் பார்த்தால் அதன் பயன் புரியும். காஞ்சிபுரத்திலும் ஏனாத்தூர் முதலான சுற்று ஊர்களிலும் பட்டு நெசவாளருக்கு வீடே தொழிற்கூடம். தறி கையாலும் காலாலும் இயங்குவதால் அதற்கு எரிபொருள் இல்லை. ஆனால் தறிக்கு வருமுன் பட்டு நூலைக் கொதிநீரில் இட்டுப் பசை நீக்கவேண்டும். பின்னர் சூடான சாயத்தில் தோய்க்கவேண்டும். சரிகை வேலைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அதாவது கைத்தறிச் சேலையின் ஆற்றல் செலவு தறியில் இல்லை. சாயத் தொட்டியின் அடியிலும் விளக்கிலும் இருக்கிறது.

இப்படிப் பிரித்தறிந்தால்தான் எங்கு எதை மாற்றுவது என்பது விளங்கும். வெந்நீருக்குச் சூரிய வெப்பம் பெருமளவு உதவும். கொதிநிலைக்கு மட்டும் எரிபொருள் போதும். வெளிச்சத்துக்கு 60 வாட் குண்டு பல்பு தந்ததை ஏறத்தாழ 9 வாட் எல்இடி விளக்கு தருகிறது. தறியை மின்னாற்றலுக்கு மாற்றினால் முன்னர் செலவே இல்லாத இடத்தில் புதிதாக ஒரு செலவு உண்டாகும். கைத்தொழிலைப் பழமை என்று ஒதுக்குபவரும், கைத்தொழில் என்பதாலேயே முழுதும் தூயது என்று நம்புபவரும் ஒருசேரத் தவறவிடுவது இந்தப் பகுப்பையே.

விடுதலைக்குப் பின்

நேரு தலைமையில் 1938-ல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் சங்கத்தின் சார்பில் இடம்பெற்ற குமரப்பா, அதன் போக்கு பெருந்தொழில்களை நோக்கியே இருப்பதைக் கண்டு சில மாதங்களில் விலகினார். விடுதலைக்குப் பின்னும் இந்தப் பிளவு ஆழமானது. காங்கிரசின் வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949-ல் இவர் அளித்த அறிக்கை உழுபவர்க்கே நிலம் என்ற நோக்கில் அமைந்திருந்தது. அது பேசப்பட்ட அளவுக்குச் செயலாகவில்லை.

டிராக்டர், இரசாயன உரம், பெரும் ஆலைகள் ஆகியவற்றுக்கு நாடு விரைந்தபோது இவர் தொடர்ந்து மறுத்து எழுதினார். டிராக்டர் எண்ணெய் குடிக்கும், ஆனால் சாணம் போடாது என்பது அவருடைய புகழ்பெற்ற வாதங்களுள் ஒன்று. நகைச்சுவையாகத் தோன்றினாலும் இது ஓர் ஆற்றல் கணக்கு. மாடு வைக்கோலைத் தின்று உழைப்பையும் எருவையும் தருகிறது. டிராக்டர் வந்தால் எண்ணெயோடு உரத்தையும் வெளியிலிருந்து வாங்கவேண்டும். 1951-ல் சீனாவுக்குச் சென்றுவந்து அங்கு நடந்த நிலச் சீர்திருத்தங்களைப் பாராட்டியதால் சிலர் இவரைப் பொதுவுடைமையாளர் என்றனர். கிறித்தவம் பற்றிய இவருடைய நூல்களைப் படித்தவர்கள் அவ்வாறு சொல்லவில்லை. அதிகாரத்தில் இருந்த பழைய தோழர்களுடன் இணக்கம் குறைந்துகொண்டே வந்தது.

உயர் இரத்த அழுத்தத்தால் உடல்நலம் குன்றிய நிலையில், 1950-களின் முற்பகுதியில் தமிழ்நாடு திரும்பினார். மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கோ. வெங்கடாசலபதி 1940-ல் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். அங்கு வந்த ஒருவரிடம், சுவரில் இருந்த ஏழை உழவர் ஒருவரின் படத்தைக் காட்டி, காந்தி தம் குரு என்றால் இவர் தம் குருவுக்கும் குரு என்று கூறியதாகச் சொல்வர். சனவரி 30, 1960 அன்று, காந்தி மறைந்த அதே நாளில், குமரப்பா காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

திறனாய்வு

மகன் விளக்கு பரவவில்லை. காரணம் எளிது. விலை மலிந்த மண்ணெண்ணெயோடும், பின்னர் வந்த மின்விளக்கோடும் அது போட்டியிட இயலவில்லை. உண்ணத்தகாத வித்துகளைப் பொறுக்கிச் சேர்த்து ஆட்டுவதற்கு வேண்டிய உழைப்பும் குறைவன்று. சமையல் எண்ணெயே பற்றாக்குறையாக இருந்த வீடுகளில் எண்ணெய் விளக்கு ஆடம்பரமாகவும் ஆகியிருக்கும். மின்சாரம் வந்ததால் கிராமத்து மாணவர்கள் அடைந்த நன்மையை எந்தத் தாவர எண்ணெய் விளக்கும் கொடுத்திருக்க முடியாது.

புகையில்லா அடுப்பின் வரலாறு இன்னும் சிக்கலானது. நடுவண் அரசு 1983 முதல் 2002 வரை நடத்திய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் தேசியத் திட்டத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. புகைபோக்கி அடைத்துக்கொண்டது, மண் வெடித்தது, வீட்டுப் பாத்திரங்களின் அளவுக்கும் அடுப்பின் வாய்க்கும் பொருத்தமில்லை. புகைபோக்கி அளவுக்கு மீறிக் காற்றை இழுத்தால் விறகுச் செலவு குறைவதற்குப் பதில் கூடுவதும் உண்டு. ஊரில் உள்ளவரே கட்டிப் பழுதுபார்க்கவேண்டும் என்ற மகன்வாடியின் நிபந்தனை, இலக்கு எண்ணிக்கையை நோக்கி ஓடிய திட்டத்தில் மறக்கப்பட்டது எனலாம். எனினும் பழியைத் திட்டத்தின்மேல் மட்டும் போடுவது நேர்மையாகாது. விறகு சுமப்பதும் அடுப்பை மெழுகிப் பேணுவதும் பெண்களின் உழைப்பு. எரிபொருளுக்கு அத்தனை நுணுக்கமாகக் கணக்கெழுதிய குமரப்பா, இந்த நேரத்தையும் நோவையும் போதிய அளவு கணக்கில் சேர்க்கவில்லை என்ற குறை நியாயமானதே.

2016-ல் தொடங்கிய உச்வலா திட்டத்தின் வழி ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சமையல் எரிவளி இணைப்பு கிடைத்தது. சமையலறைப் புகையை அது பெரிதும் குறைத்தது. அதே வேளையில் எரிவளியின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது; உருளையை மீண்டும் நிரப்பும் காசு இல்லாதவர்கள் விறகுக்கே திரும்புகின்றனர். நுரையீரலுக்கு நல்லது, தேக்கத்திலிருந்து எடுப்பது என்ற இரண்டும் ஒரே உருளையில் அடங்கியுள்ளன. குமரப்பாவின் இருவகைப் பிரிப்பு மட்டும் கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது.

பிற்காலத் தாக்கம்

பிரித்தானிய நிலக்கரி வாரியத்தில் பொருளியலாளராக இருந்த இ. எப். சூமாக்கர் 1973-ல் வெளியிட்ட சிறியதே அழகு என்னும் நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. அதில் பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரையில் குமரப்பாவின் கருத்து எடுத்தாளப்படுகிறது. புதைபடிவ எரிபொருளை வருமானமாக எண்ணிச் செலவிடுவது மனித இனம் செய்யும் கணக்குப் பிழை என்ற வாதமும் அந்நூலின் மையத்தில் உள்ளது. தமிழ் வாசகர்கள் பலருக்கு அக்கருத்து சூமாக்கர் வழியே அறிமுகமானது. சற்றே வருந்தத்தக்க செய்தி இது.

இந்தியாவில் காதி கிராமத் தொழில் ஆணையம் 1957 முதல் இயங்கி வருகிறது. சாண எரிவாயுக் கலனை நாடெங்கும் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. சாணம் அடுப்புக்கா வயலுக்கா என்ற பழைய வழக்குக்கு இக்கலன் அழகான தீர்வு. எரிவாயு சமையலறைக்குச் செல்கிறது. கலனிலிருந்து வெளிவரும் கரைசல் எருவாக நிலத்துக்குத் திரும்புகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய ஊரகத் தொழில்நுட்ப மையம் அடுப்பையும் எரிவாயுவையும் ஆய்வகப் பொருளாக்கியது. தமிழ்நாடு அரசு 2011-12-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய மின்னாற்றலில் எரியும் ஐந்து விளக்குகள் சேர்க்கப்பட்டன. 2024-ல் நடுவண் அரசு ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடு அமைக்கும் திட்டத்தை அறிவித்தது.

கூரைத் தகட்டைக் குமரப்பா ஏற்றிருப்பாரா என்ற கேள்வி அவ்வப்போது எழுப்பப்படுகிறது. அதன் ஆற்றல் ஐயமின்றி ஓட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் தகட்டில் உள்ள சிலிக்கனும் வெள்ளியும், மின்கலத்தில் உள்ள உலோகங்களும் தேக்கத்தைச் சேர்ந்தவை. ஊரில் உள்ளவர் அதைச் செய்யவோ திருத்தவோ முடியாது. மின்கலம் பழுதாகிச் சூரியத் தெருவிளக்குகள் எரியாமல் நிற்பதைத் தமிழகச் சிற்றூர்களில் கண்டவர்களுக்கு இரண்டாவது தடையின் எடை தெரியும். தகட்டை ஆக்குவதற்குச் செலவான ஆற்றலை அது சில ஆண்டுகளில் ஈட்டிக் கொடுத்துவிடுகிறது என்பதையும், அதன் பின் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைக்கிறது என்பதையும் வரவுப் பக்கத்தில் எழுதவேண்டும்.

நினைவிடங்கள்

தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் குமரப்பா வாழ்ந்த குடில் நினைவிடமாகப் பேணப்படுகிறது. செய்ப்பூரில் அவர் பெயரால் குமரப்பா கிராம சுயராச்சிய நிறுவனம் இயங்குகிறது. வார்தாவில் 1938 திசம்பரில் காந்தி திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் என்னும் அருங்காட்சியகத்தில் இராட்டைகள், செக்குகள் முதலிய கிராமத் தொழில் கருவிகளைக் காணலாம்.